குடைக்கு எதற்கு வரி?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் வயிற்றைத் தவிர எல்லாரும் ஒழுங்காக இருக்கிறோம். அது மட்டும் எனக்கு முன்னால் நடந்து போகிறது. அத்தானின் முழங்கால் எப்படி? குடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கம்பி வளைக்கிற மனிதருக்குத் தன் காலை வளைக்க முடியவில்லை என்று யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் நான் சொன்னதாக இருக்கட்டும்.

உன் தம்பி பிரபலமாகிவிட்டான். பத்திரிகையில் இத்தனை வருடமாக அடுத்தவன் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தவனை ஆசிரியர் கூப்பிட்டு, "விலைவாசி ஏன் ஏறுது, வட்டி ஏன் இறங்குதுன்னு வாசகருங்க எழுதித் தள்ளுறாங்க. பேராசிரியர்கிட்ட கொடுத்தா அவர் பதிலுக்கு இன்னொரு பதில் போட வேண்டியிருக்கு. நீ எழுதுப்பா" என்றார். கல்லூரியில் பொருளாதாரத்தில் இரண்டு தடவை தோற்றவன் நான் என்று நினைவூட்டினேன். "அதனாலதான். ஒரே தடவையில பாஸானவனுக்கு மத்தவங்களுக்கு எது புரியாதுன்னே தெரியாது" என்றார்.

ஆக, நான் இப்போது 'பட்ஜெட் மாமா'. தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு படம்: தொப்பை, மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. கற்பனைப் படம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஓவியர் என்னை எதிரே உட்காரவைத்து வரைந்ததை அலுவலகமே பார்த்துவிட்டது.

முதல் வாரக் கேள்வி: அரசாங்கம் நோட்டு அடித்து எல்லாருக்கும் கொடுத்தால் என்ன? என் பதில்: கொட்டகையில் ஒருவர் எழுந்து நின்றால் அவருக்குப் படம் நன்றாகத் தெரியும், எல்லாரும் எழுந்து நின்றால் படம் பழையபடிதான், கால்தான் வலிக்கும். நன்றாக இருக்கிறதா? உன் தம்பி மனைவி, "வீட்டுல வெங்காயம் என்ன விலைன்னு தெரியாது, நாட்டுக்குப் பதில் சொல்றாரு" என்கிறாள். அவளை யார் கேட்டது?

அத்தானுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். அத்தானின் முழங்கால் மழையை வானொலிக்கு முன்னாலேயே அறிவிக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

உன் பக்கத்தை விடாமல் படிக்கிறோம். நான் மட்டும் இல்லை, என் முன்னறையே படிக்கிறது. தெருப் பெண்கள் குடைத் துணி மூட்டையோடு இங்கேதானே வந்து உட்காருகிறார்கள். எட்டு முக்கோணத் துண்டைச் சேர்த்துத் தைத்தால் ஒரு குடை. கை அது பாட்டுக்குத் தைக்கும், காது சும்மா இருக்கும். அதனால் எதிர்வீட்டு நெட்டையம்மா சத்தம் போட்டுப் படிப்பாள். கொட்டகைப் பதிலுக்குச் சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்குத் தையல் கோணிவிட்டது. பட்ஜெட் மாமா என் தம்பி என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஓசிப் பத்திரிகை கேட்பார்கள்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். வெளிநாட்டுக் குடைக்குப் போட்டிருக்கும் வரியை எடுத்துவிடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. "எடுத்தா நான் கதவைச் சாத்த வேண்டியதுதான்" என்று முதலாளி சொல்கிறாராம். "கூலி ஏத்திக் கேட்டா எப்பவும் அதைத்தானே சொல்வாரு" என்கிறார் அத்தான். எது நிஜம்? சாத்திவிட்டால் அத்தான் மட்டும் இல்லை, இந்தத் தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். விவரம் தெரிந்தவன் வீட்டிலேயே இருக்கும்போது நான் ஏன் வெளியே போய்க் கேட்க வேண்டும்? சீக்கிரம் எழுது.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். வாரா வாரம் அச்சில் பார்க்கிறேனே.

பிப்ரவரியில் போட்ட கடிதத்துக்குப் பதில் வரும் வரும் என்று பார்த்தேன். பிறகு ஒரு யோசனை தோன்றியது. அக்காவாக எழுதினால்தானே தாமதம்? ஒரு கார்டு வாங்கி, 'குடைத் தெரு வாசகி' என்று கையெழுத்துப் போட்டு, "வெளிநாட்டுக் குடைக்கு எதற்கு வரி? எடுத்தால் யாருக்கு நஷ்டம்?" என்று பட்ஜெட் மாமாவுக்கு அனுப்பினேன். அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. நீ மறந்திருப்பாய், எனக்கு மனப்பாடம்:

"அம்மணி, இந்த வரி நம் தலைக்கு மேலே நாமே பிடித்துக்கொண்டிருக்கும் ஓட்டைக் குடை. எடுத்தால் பத்துப் பேருக்கு நஷ்டம், பத்து லட்சம் பேருக்கு லாபம். அந்தப் பத்துப் பேரும் ஒட்டடைக் குச்சி செய்யப் போகட்டுமே? அதற்கும் கம்பிதான் வேண்டும்."

நெட்டையம்மா படித்தாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். உன் நகைச்சுவையில் என்றைக்கு நான் குறை சொன்னேன்? சிரித்து முடித்துவிட்டு நெட்டையம்மா, "அந்தப் பத்துப் பேரு நாமதானேடி?" என்றாள். அப்புறம் யாரும் அடுத்த கேள்வியைப் படிக்கச் சொல்லவில்லை.

பரிசும் வந்து சேர்ந்தது. வாரத்தின் சிறந்த கேள்விக்கு மடக்குக் குடை, வெளிநாட்டுச் சரக்கு, அன்பளிப்பு குடை இறக்குமதி நிறுவனம் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அத்தான் அதை விரித்தார், மடக்கினார், வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

உடம்பைக் கவனித்துக்கொள். இனிமேல் எந்தப் பெயரில் எழுதட்டும் என்று சொல்.

அக்கா

*

ஏப்ரல் 12

என் அக்காவுக்கு,

தலையில் அடித்துக்கொண்டு தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மானம்தான் படுத்திருக்கிறது. உன் கடிதம் 'சாவகாசமாகப் பதில் எழுத வேண்டியவை' என்று நான் வைத்திருக்கும் குவியலில் இருந்தது. அதில் என் காப்பீட்டு நோட்டீசும் இருந்தது என்றால் புரிந்துகொள். வாசகர் கார்டுகளைத் துணையாசிரியர் தட்டச்சு செய்து தருகிறார், உன் கையெழுத்தையே நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பதிலிலிருந்து அந்த ஒட்டடைக் குச்சியை எடுத்துப் போட்டிருப்பேன்.

இப்போது தம்பியாகப் பதில் சொல்கிறேன். உங்கள் முதலாளி சொல்வது இந்தத் தடவை நிஜம். காரணம் வெறும் குடை வரி இல்லை, கம்பி. உங்கள் தொழிற்சாலை கம்பியை வெளிநாட்டிலிருந்துதானே வாங்குகிறது? அதற்கு வரி உண்டு. குடைக்கு வரியை எடுத்துவிட்டுக் கம்பிக்கு வைத்திருந்தால், கம்பியாக வருவதற்கு வரி, அதே கம்பி குடையாக வந்தால் வரியில்லை என்றாகும். பந்தயத்தில் ஒருவன் தலையில் மட்டும் மூட்டையை ஏற்றிவிட்டு, "ஓட்டத்தில் இவன் மட்டம்" என்று தீர்ப்புச் சொல்கிற கதை. நியாயம் என்னவென்றால் முதலில் கம்பி வரியை எடுக்க வேண்டும். அப்புறம் குடை வரியை எடுத்தாலும் அத்தான் மாதிரி ஆட்கள் ஈடு கொடுத்து நிற்பார்கள்.

இதை யாரிடம் சொல்வது என்றுதானே கேட்கிறாய்? ஜூலையில் வரி விஷயமாகக் கருத்துக் கேட்க மூன்று பேர் குழு உங்கள் ஊருக்கு வருகிறது. பேச எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. நான் வருகிறேன். கம்பி விஷயத்தை நானே எழுந்து சொல்கிறேன். என் பக்கத்தை அந்தக் குழுத் தலைவரும் படிக்கிறாராம். தலைவிதி, என்ன செய்ய?

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

மே 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா, நலம். அத்தானும் நலம், உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

சொல்லிவிட்டேன். பட்ஜெட் மாமா என் தம்பி, ஜூலையில் வந்து நமக்காகப் பேசப் போகிறான் என்று முன்னறையில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "உனக்கா தம்பி? நீ ஒரு வேடிக்கை சொல்லி நான் கேட்டதே இல்லையே" என்றாள் நெட்டையம்மா. கம்பி விஷயத்தைப் படித்துக் காட்டினேன். அப்புறம் அவள் தெரு முழுக்கப் போய் அதைச் சொன்னாள், அவளே கண்டுபிடித்த மாதிரி. பக்கத்து ஊரில் பிஸ்கட் கம்பெனியில் வேலைக்குச் சேரலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர், "உங்க தம்பி வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று நின்றுவிட்டார்கள்.

நீ படுக்க முன்னறையைத்தான் ஒழிக்க வேண்டும். துணி மூட்டை எல்லாம் உள்ளே போகும். விசிறி ஓடும், சத்தம் போடும். நீ அதைவிடச் சத்தமாகக் குறட்டை விடுவாய் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பத்து லட்சம் பேருக்கு லாபம் என்று எழுதினாயே. அவர்கள் எல்லாரும் அந்த லாபத்தில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பார்களா? அப்படி ஏதாவது ஏற்பாடு உண்டா? இருந்தால் அந்தக் கூட்டத்தில் அதையும் சொல்.

பத்திரமாக வா.

அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு இப்போது தனி அறை கொடுத்திருக்கிறார்கள். அறை என்றால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தட்டி. ஆனாலும் கதவு இருக்கிறது; பையன் தட்டிவிட்டுத்தான் தேநீர் கொண்டுவருகிறான். பத்திரிகைக்கு விளம்பரம் கூடியிருக்கிறது. என் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முழுவதும் ஒரே நிறுவனம் வருடத்துக்கு எடுத்துக்கொண்டது. ஆசிரியர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்காத குறை. உன் தம்பி மனைவி மட்டும் இன்னும் வெங்காய விலையில்தான் நிற்கிறாள்.

கூட்டம் உங்கள் ஊரில் இல்லையாம். பக்கத்துப் பெரிய ஊரில், ஏதோ ஓட்டல் மாடியில் வைத்திருக்கிறார்கள். நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். நீங்கள் யாரும் வீணாக அலைய வேண்டாம். முடிந்ததும் பேருந்து பிடித்து நானே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

லாபத்தைப் பங்கு போடுவது பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. நேரில் பேசலாம்.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி

*

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

படுக்கையிலிருந்து எழுதுகிறேன். கோபிக்காதே. கிளம்புகிற அன்று காலை காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை. கம்பளிக்குள் கிடந்தும் பல் தந்தி அடித்தது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், "பயணமா? பேசவே கூடாது" என்றுவிட்டார். பேசாமல் நான் கூட்டத்துக்குப் போய் என்ன செய்ய? பையை அடுக்கி வைத்ததெல்லாம் அப்படியே கிடக்கிறது. உனக்கு வாங்கிய கண்ணாடிக் குவளைகூட அதில்தான் இருக்கிறது. என்ன பேசினார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தகவல் வந்தால் எழுது.

தெருக்காரர்களிடம் எப்படியாவது சொல்லிவிடு. கஞ்சிதான் குடிக்கிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 1

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? இந்த வயதில் காய்ச்சலை அலட்சியம் பண்ணாதே. வெந்நீர் குடி.

தகவல் எழுதச் சொன்னாய். முதலாளிக்கு அவருடையது போக இன்னும் இரண்டு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். மாடி ஏற அத்தானுக்கு முடியாது, அதனால் நானும் நெட்டையம்மாவும் போனோம். கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில் இடம். நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை. மேலே குளிர்சாதனம், நெட்டையம்மா என் சேலைத் தலைப்பையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள்.

குடை இறக்குமதியாளர் சங்கம் என்று எழுதிய மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து பேசினார். பட்ஜெட் மாமா என்று அறிவித்தார்கள். அப்படியே உன் ஜாடை. நன்றாகப் பேசினார். ஓட்டைக் குடை வந்தது, பத்து லட்சம் பேர் வந்தார்கள். குழுத் தலைவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் கம்பி வரும் வரும் என்று காத்திருந்தேன். தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், அதோடு உட்கார்ந்துவிட்டார். கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலாளி எழுந்து அதைச் சொன்னார். அவருக்குக் கோர்வையாகப் பேச வராது, உனக்குத் தெரியுமே. அவர் பாதி சொல்லும்போதே எல்லாரும் சாப்பிட எழுந்துவிட்டார்கள்.

"இவருதானே உன் தம்பி? படத்துல இருக்கிற மாதிரியே இருக்காரே" என்று நெட்டையம்மா கேட்டாள்.

"இல்ல, ஜாடைதான். அவனுக்குக் காய்ச்சல், வரல" என்று சொன்னேன்.

சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது, அதிலும் காய்ச்சல். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. கூடப் பிறந்தவர்களுக்கு ஒரே பொய்தான் தோன்றும் போலிருக்கிறது.

அந்த ஓட்டலுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே பேருந்துதான். முன்னறையை இன்னும் பழையபடி ஆக்கவில்லை. இனி ஆக்க வேண்டும்.

உடம்பு தேறட்டும்.

அக்கா

*

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்பு தேவலை. இங்கே நல்ல வெயில்.

செய்தி படித்தேன். குடை வரியை எடுத்துவிட்டார்கள், கம்பி வரி இருக்கிறதாம். அதற்குத் தனியாக வேறொரு குழு போடுவார்கள் என்கிறார்கள். இதெல்லாம் பெரிய இடத்தில் முன்பே முடிவாகிவிடுகிற விஷயம் அக்கா. யார் எழுந்து என்ன சொன்னாலும் நடப்பதுதான் நடக்கும். ஊதுகிற சங்கை ஊதுவது, அவ்வளவுதான் நம் வேலை.

அத்தானைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறேன். கவலைப்படாதே. விசிறியைப் பழுது பார்த்தாயா?

தம்பி

*

அக்டோபர் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும் தங்கச்சி சுகத்துக்கும் எழுதவும். உன் அக்காவுக்குக் கை ஒழியவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

தொழிற்சாலை போன மாதக் கடைசியில் மூடியாயிற்று. முதலாளி நல்ல மனிதர், எங்களைப் பார்க்க முடியாமல் கணக்கரைத்தான் அனுப்பினார். மறு வாரம் இறக்குமதி நிறுவனத்தின் கிடங்கிலிருந்து ஆள் வந்து என்னை மட்டும் கூப்பிட்டார்கள். போனேன். தொழிலைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். "பட்ஜெட் மாமா உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்கள். சொன்னேன். நாளையிலிருந்து வாருங்கள் என்றார்கள்.

உட்கார்ந்து செய்யும் வேலை, முழங்காலுக்கு நல்லது. பெட்டியிலிருந்து குடையை எடுத்து விரித்துப் பார்க்க வேண்டும். கம்பி உடைந்திருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். அதிகம் உடைந்து வருவதில்லை.

நீ செய்த உதவிக்கு நன்றி.

அத்தான்

*

நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. அத்தான் கடிதம் பார்த்துக் கண் கலங்கிவிட்டது; பட்ஜெட் மாமா அழுதான் என்று வெளியே சொல்லிவிடாதே, சந்தா குறையும். உட்கார்ந்து செய்யும் வேலை, மழைக்கு ஒதுங்கக் கூரை, இந்த வயதில் வேறு என்ன வேண்டும்? பார்த்தாயா, தம்பி என்று ஒருவன் இருப்பது எதற்காவது ஆகிறது.

நீ ஏன் எழுதுவதில்லை? கோபமா? கோபமென்றால் திட்டி எழுது, நான் பார்க்காத திட்டா? தெருவில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள்? நெட்டையம்மா இன்னும் என் பக்கத்தைப் படிக்கிறாளா? பிஸ்கட் கம்பெனிக்குப் போவதாக இருந்தவர்கள் போனார்களா? வருடக் கடைசி இதழுக்கு விசேஷக் கேள்வி பதில் போடுகிறோம். அதற்காகவாவது ஒரு கார்டு எழுதேன்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்

தம்பி

*

டிசம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். கேட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

பிஸ்கட் கம்பெனியில் அந்த இடங்களை ஜூலைக்குள்ளேயே வேறு யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நம் ஆட்கள் உனக்காகக் காத்திருந்த நேரம் அது. இப்போது போய் நின்றால் பெயர் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

மூடின தொழிற்சாலையிலிருந்து ஒரே ஒருவருக்குத்தான் வேலை கிடைத்தது. அது உன் அத்தான். எப்படிக் கிடைத்தது என்று தெருவுக்குத் தெரியும். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் இந்தத் தெருவுக்கு மருமகன். அவர் வேலைக்குப் போன அன்றே நெட்டையம்மா வாசலில் வந்து நின்றாள். சண்டை போடவில்லை. "உங்க தம்பிக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?" என்று கேட்டாள். விட்டுடுச்சு என்றேன். அப்புறம் யாரும் முன்னறைக்கு வருவதில்லை. வந்தாலும் தைக்கத் துணி இல்லை.

அவரைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்பில் எதை வைப்பது? கொல்லைப்புறமாகப் போகிறார், கொல்லைப்புறமாகவே வருகிறார். முழங்காலோடு வாய்க்காலைத் தாண்ட வேண்டியிருக்கிறது, ஆனாலும் அந்த வழிதான் வேண்டும் என்கிறார்.

லாபத்தில் பங்கு உண்டா என்று கேட்டேனே, அதற்கு நீ பதில் எழுதவேயில்லை. இனி வேண்டாம். பங்கு வந்துவிட்டது. பத்துப் பேருக்கு வர வேண்டியது எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்துவிட்டது.

இனிமேல் எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. தபால்காரர் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். உன் உறையை வாங்க நான் கதவைத் திறந்து, எல்லா வீட்டு ஜன்னலுக்கும் முன்னால் நடந்து போய்க் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் தெருவில்தான் நான் இன்னும் இருக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா